கூரை பறக்கிறதென்றால் சுவரைப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் அக்கா வீட்டின் பின்புறம் ஒரு சமையலறையும் அதையொட்டி ஒரு வராந்தாவும் சேர்க்க வேண்டும். "முதலில் கம்ப்யூட்டரில் வரைந்து காட்டு. அதைப் பார்த்துவிட்டு மேஸ்திரியிடம் பேசுகிறேன்" என்றார் அக்கா. சுவர்களை ஒரு மாலையில் வரைந்துவிட்டேன். கதவு, ஜன்னல் எல்லாம் ஒழுங்காக வந்தன. கூரைக்கான பொத்தானை அழுத்தியதும் சமையலறை மேலிருந்த சரிவு பாய்மரம் போல வானத்தை நோக்கி நின்றது. மூலையில் யாரும் கேட்காத ஒரு குட்டிக் கூரை முளைத்திருந்தது. வராந்தாவின் மேல் ஒன்றுமே இல்லை.

இரண்டு இரவுகள் அந்தச் சரிவுகளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெட்டது. கடைசியில் பார்த்தால் கூரையில் ஒரு பிழையும் இல்லை. சமையலறையின் உட்கூரை உயரம் 2400 மில்லிமீட்டர் என்றும், பழைய வீட்டின் உயரம் 2550 என்றும் பதிவாகியிருந்தது. ஒரு சுவர் அடுத்த சுவரைத் தொடாமல் விரல் நுழையும் அளவு விலகி நின்றது. அவ்வளவுதான்.

சீஃப் ஆர்க்கிடெக்ட், அதன் தம்பியான ஹோம் டிசைனர் போன்ற மென்பொருள்களில் கூரை என்பது சுவரின் நிழல். நிழல் கோணலாக விழுந்தால் அதைத் துடைத்துப் பயனில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் இழக்கும் நேரத்தில் பெரும்பகுதி இந்த ஒன்றை அறியாததால்தான் போகிறது என்பது என் எண்ணம். அதனால் இந்த வழிகாட்டியிலும் கூரையைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவைதான் அதிகம்.

தொடங்கும் முன்

கோப்பைத் திறந்ததும் அதற்கு ஒரு நகல் எடுத்து வேறு பெயரில் வையுங்கள். கூரை வேலையில் பின்னோக்கிப் போகும் பொத்தானை மட்டும் நம்பாதீர்கள்.

அடுத்தது அளவு முறை. இந்த மென்பொருள்கள் அமெரிக்காவில் பிறந்தவை. அடி, அங்குலம், மரச்சட்டத்தாலான மெல்லிய சுவர், 12 அங்குலத்துக்கு இத்தனை அங்குலம் என்று சொல்லும் சரிவு ஆகியவற்றோடுதான் திறக்கும். நம் ஊரில் வரைபடம் மில்லிமீட்டரில் இருக்கும், சரிவு பாகையில் இருக்கும், வெளிச்சுவர் 220 மில்லிமீட்டர் செங்கல்லாக இருக்கும். எனவே மெட்ரிக் மாதிரிக் கோப்பிலிருந்து தொடங்குங்கள். சரிவைப் பாகையில் காட்டச் சொல்லும் தேர்வு கூரை உரையாடல் பெட்டியிலேயே இருக்கிறது. அதை இயக்காவிட்டால் "26" என்று நீங்கள் தட்டுவதை மென்பொருள் 12-க்கு 26 என்று எடுத்துக்கொள்ளும். அது 65 பாகை. என் முதல் கூரை தேவாலயக் கோபுரம் போல நின்றதற்குக் காரணம் அதுதான்.

மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள் சில உண்டு. 12-க்கு 6 என்பது ஏறத்தாழ 26.5 பாகை. கான்கிரீட் ஓட்டுக்கு இங்கே அடிக்கடி காணும் 26 பாகைக்கு மிக அருகில் வரும். ஓட்டுக்குக் கீழே விரிப்பு போட்டால் 17 பாகை வரை இறங்கலாம். நெளிவுப் பெட்டி வடிவில் வரும் ஐபிஆர் தகடு என்றால் 5 பாகையே போதும் என்பது வழக்கம்.

சுவர் வகையையும் இப்போதே மாற்றிவிடுங்கள். மரச்சட்டச் சுவரில் கூரை போட்டுவிட்டுப் பிறகு செங்கல்லுக்கு மாற்றினால், கூரை உட்காரும் கோடு நகர்ந்து எல்லா விளிம்பும் சில சென்டிமீட்டர் தள்ளிப்போகும். கைமரத்தில் வெட்டு விழுந்து சுவர்மேல் உட்காருவதுபோல மென்பொருள் இயல்பாக வரையும். நம் ஊரில் தொழிற்சாலையில் ஆணித்தகடு அடித்து வரும் டிரஸ் என்ற முக்கோண மரச்சட்டம், சுவர்மேல் கிடத்திய மரத்தின்மீது வெட்டில்லாமல் உட்காருகிறது. அதற்கும் ஒரு தேர்வுப் பெட்டி உண்டு. அதை இயக்கினால் கூரையின் உயரம் சற்று மாறும். எனவே முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

ஒரு சரிவுக்கு நான்கு எண்கள்

மென்பொருளுக்கு ஒரு கூரைத் தளம், அதாவது ஒரு சரிவுப் பரப்பு, என்றால் நான்கு செய்திகள்: சுவரின்மேல் அது உட்காரும் கோட்டின் உயரம், சரிவின் பாகை, இறவாணம் சுவருக்கு வெளியே நீளும் தூரம், முகட்டின் உயரம். உட்காரும் கோட்டைத்தான் மென்பொருள் பேஸ்லைன் என்கிறது. அகலம் தெரிந்த வீட்டில் பேஸ்லைன், சரிவு, முகடு ஆகிய மூன்றில் எந்த இரண்டைச் சொன்னாலும் மூன்றாவது தானே வந்துவிடும். மூன்றையும் நீங்களே சொல்ல முயன்றால் ஏதாவது ஒன்று உடையும். அந்தப் பெட்டியில் எதைப் பூட்டி வைப்பது என்று மென்பொருள் கேட்பது இதற்காகத்தான். புதியவர்கள் பேஸ்லைன் உயரத்தைப் பூட்டிவிட்டுச் சரிவை மாற்றிப் பார்ப்பது நல்லது. முகடு தானே ஏறி இறங்கட்டும்.

கையில் கணக்குப் போடத் தெரிந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது. 26 பாகைக்கு ஒரு மீட்டர் உள்ளே போனால் 0.488 மீட்டர் ஏறும். அக்கா வீட்டின் அகலம் முன்னிருந்து பின்னுக்கு 7 மீட்டர். பாதி 3.5. அப்படியென்றால் முகடு சுவருக்கு மேல் 1.71 மீட்டரில் இருக்க வேண்டும். திரையில் 1.9 என்று வந்தால் எங்கோ பிழை இருக்கிறது என்று படத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். இறவாணம் 600 மில்லிமீட்டர் நீண்டால் அதன் நுனி 293 மில்லிமீட்டர் கீழே இறங்கும். இந்த இரண்டாவது எண் பின்னால் தேவைப்படும்.

எங்கே பிழை என்று தேடும் ஒழுங்கு

இதுவரை கையால் இழுத்த தளங்கள் எல்லாவற்றையும் நகல் கோப்பில் அழியுங்கள். மனம் வராது, தெரியும். பிறகு கூரையைத் தானே கட்டும் வசதியை, அதாவது ஆட்டோ ரீபில்ட் ரூஃப்ஸ் என்பதை, இயக்கிவிட்டு முப்பரிமாணக் காட்சியை மூடுங்கள். மேலிருந்து பார்க்கும் தட்டைப் படத்தில்தான் நோய் தெரியும். முப்பரிமாணத்தில் அதன் வீக்கம் மட்டும்தான் தெரியும்.

ஏதாவது ஓர் அறையின்மேல் கூரையே இல்லையென்றால் அந்த அறை மூடியிருக்கவில்லை என்று கொள்ளுங்கள். அறைக்குள் சொடுக்கிப் பாருங்கள். அறை முழுவதும் தேர்வானால் மூடியிருக்கிறது. தேர்வாகாவிட்டால் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து, விலகிய சுவரை இழுத்து ஒட்டவையுங்கள். மூடியிருந்தும் கூரை வராவிட்டால் அந்த அறையின் பெட்டியில் ரூஃப் ஓவர் திஸ் ரூம் என்ற குறி எடுபட்டிருக்கும். வராந்தாவில் இது அடிக்கடி நடக்கும். வராந்தாவைச் சுவரில்லாமல் வெறும் தரையாக வரைந்தால் அதை அறையாகவே மென்பொருள் கருதாது. தூண்கள் இருக்க வேண்டிய கோட்டில் கைப்பிடிச் சுவர் போட்டு மூடினால்தான் மேலே கூரை வரும்.

கேட்காத குட்டி முகடுகளும் மூலைச் சரிவுகளும் முளைத்தால் சுவர்கள் ஒரே கோட்டில் இல்லை என்று பொருள். பழைய சுவரும் புதிய சுவரும் நேராக ஓடுவதாக நீங்கள் நினைப்பீர்கள். பெரிதாக்கிப் பார்த்தால் 8 மில்லிமீட்டர் உள்ளே வெளியே இருக்கும். நம் கண்ணுக்கு அது ஒன்றுமில்லை, மென்பொருளுக்கு அது வேறொரு சுவர். ஒவ்வொரு தனிச் சுவருக்கும் அது ஒரு தனிச் சரிவைக் கட்டிக்கொடுக்கிறது. இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் குட்டிக் கூரை காணாமல் போகும்.

முக்கோணச் சுவரிலும் இதே கதைதான். முகடு வந்து முட்டும் பக்கச் சுவரை ஃபுல் கேபிள் வால் என்று குறித்திருப்பீர்கள். இருந்தும் அதன் பாதியில் ஒரு சரிவு இறங்கி நிற்கும். அந்தச் சுவர் எங்கோ இரண்டு துண்டாக வெட்டுப்பட்டிருக்கிறது. ஒரு துண்டை மட்டும் குறித்திருக்கிறீர்கள். எல்லாத் துண்டுகளையும் தேர்ந்து குறியுங்கள், அல்லது ஒரே சுவராக்கிவிடுங்கள்.

சரிவு வானத்துக்குப் பறந்தாலோ பக்கத்துச் சரிவோடு சேராமல் மேலே மிதந்தாலோ, அறைகளின் உட்கூரை உயரத்தைப் பாருங்கள். என் 150 மில்லிமீட்டர் கதை இதுதான். 26 பாகையில் 150 மில்லிமீட்டர் உயர வேறுபாடு, இரண்டு கூரைகள் கூடும் கோட்டைக் கிடையாக 300 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளிவிடும். தரைமட்டமும் இதே வேலையைச் செய்யும். பின்பக்கத் தரையை ஒரு படி தாழ்த்தினால் உட்கூரையும் அதோடு இறங்கிவிடும். பேஸ்லைனும் இறங்கும்.

இங்கே ஒரு சோதனையைச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. செங்கோணத்தில் சேரும் இரண்டு கூரைகளின் சரிவு ஒன்றாக இருந்தால், அவை கூடும் கூடல்வாய் மேலிருந்து பார்க்கும்போது சரியாக 45 பாகையில் ஓடும். வெளிமூலையில் இறங்கும் விளிம்பும் அப்படியே. 45 இல்லையென்றால் இரண்டு சரிவும் ஒன்றல்ல. 45 பாகையில் ஓடியும் சுவர்கள் கூடும் உள்மூலையிலிருந்து தொடங்காமல் விலகி நின்றால் பேஸ்லைன் உயரம் வேறு. எந்தப் பெட்டியையும் திறக்காமல் ஒரு கோட்டை வைத்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

கூரையே நடக்காத காரியமாக இருந்தால்

சில சமயம் மென்பொருள் சரியாகத்தான் வரைகிறது, நாம்தான் கட்ட முடியாததைக் கேட்கிறோம். நான் முதலில் அக்கா வீட்டின் பின்சரிவை அதே 26 பாகையில் கீழ்நோக்கி நீட்டி, 3 மீட்டர் வெளியே வரும் சமையலறையை மூடப் பார்த்தேன். 3 மீட்டருக்கு 1.46 மீட்டர் இறங்க வேண்டும். 2.55-இல் தொடங்கிய கூரை வெளிச்சுவரில் 1.09 மீட்டரில் முடியும். சமையலறைக்குள் தவழ்ந்துதான் போக வேண்டும். மென்பொருள் அதை ஏற்காமல் ஏதேதோ செய்தது. நான் அதைத் திட்டினேன்.

வழி இரண்டு. சமையலறைக்கு முகட்டைத் திருப்பிப் போடலாம். அதன் அகலம் 4 மீட்டர், பாதி 2. எனவே முகடு 0.98 மீட்டர் ஏறும். பெரிய முகட்டின் 1.71-ஐ விடத் தாழ்வு. அதனால் அது பழைய சரிவுக்குள் 2 மீட்டர் நுழைந்து அங்கேயே முடிந்துவிடும், இரண்டு பக்கமும் கூடல்வாய் வரும். வராந்தாவுக்கு அந்தச் செலவு வேண்டாம். அந்தப் பகுதியில் மட்டும் பழைய இறவாணத்தை வெட்டிவிட்டு, 2.55-இல் தொடங்கி 5 பாகையில் ஐபிஆர் தகட்டைச் சாய்த்தால் 3 மீட்டரில் 262 மில்லிமீட்டர்தான் இறங்கும். நுனியில் 2.29 மீட்டர் கிடைக்கும். இறவாணத்தை வெட்டாமல் அதன் அடியில் நுழைக்கப் பார்த்தால், முன்பு சொன்ன 293 மில்லிமீட்டர் ஏற்கெனவே போய்விட்டிருக்கும். வராந்தாவின் நுனி 2 மீட்டருக்கு வந்துவிடும். உயரமான மருமகன் வந்தால் தலையில் இடிக்கும்.

வேறுவேறு சரிவுள்ள இரண்டு தளங்கள் மூலையில் சேரும்போது இறவாண நுனியில் அடிக்கும் முகப்புப் பலகைகள் ஒன்றுக்கொன்று கீழ்மேலாக நிற்பதும் இதே கணக்குதான். 600 மில்லிமீட்டர் இறவாணத்துக்கு 26 பாகை 293 இறங்குகிறது, 15 பாகை 161 மட்டுமே இறங்குகிறது. நுனிகள் 132 மில்லிமீட்டர் விலகும். இறவாணத்தின் நீளத்தை மாற்றி உயரத்தைச் சமமாக்கும் தேர்வு சில மென்பொருள்களில் உண்டு. அதை அழுத்துமுன் நீளம் எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். 15 பாகைப் பக்கம் ஒரு மீட்டருக்கு மேல் நீண்டுவிடும்.

பொதுச்சுவர்

சாட்ஸ்வொர்த்தின் பழைய வீடுகள், 1960-களில் இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின்கீழ் மக்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து குடியமர்த்தியபோது நகரசபை வரிசையாகக் கட்டியவை. பல வீடுகள் இரட்டை. நடுவில் ஒரு பொதுச்சுவர், மேலே ஒரே கூரை. நம் பாதியை மட்டும் வரைந்தால் பொதுச்சுவரை வெளிச்சுவர் என்று மென்பொருள் நினைத்துக்கொள்ளும், அந்தப் பக்கமும் சரிவும் இறவாணமும் கட்டிவிடும். அடுத்த வீட்டுக்காரரின் அறைக்குள் நம் இறவாணம் 600 மில்லிமீட்டர் நீண்டு நிற்கும்.

பொதுச்சுவரை முக்கோணச் சுவராகக் குறித்து அந்த விளிம்பில் நீட்சியைப் பூஜ்யமாக்கலாம். எனக்குப் பிடித்தது இன்னொரு வழி: அடுத்த வீட்டையும் உள்ளே ஒன்றுமில்லாத ஒரு வெற்றுப் பெட்டியாக வரைந்துவிடுவது. கூரை இயல்பாகத் தொடரும், நாம் செய்யும் மாற்றம் அவர்கள் பக்கம் எப்படித் தெரியும் என்பதும் புரியும்.

கையால் திருத்தும்போது

தானியங்கிக் கூரை பெரும்பாலும் சரியாக வந்தபின்தான் கையை வைக்க வேண்டும். முதல் வேலை, தானே கட்டும் வசதியை நிறுத்துவது. நிறுத்தாமல் திருத்தினால், அடுத்து ஒரு சுவரைத் தொட்ட நொடியில் மென்பொருள் எல்லாத் தளங்களையும் புதிதாகக் கட்டி உங்கள் இரவு வேலையை அழித்துவிடும். விலை குறைந்த பதிப்புகளில் தளத்தைக் கையால் வரையும் வசதியே இருக்காது. அங்கே சுவர்களை வைத்துத்தான் எல்லாவற்றையும் சாதிக்க வேண்டும். அது நல்ல பயிற்சி.

முகட்டை முதலில் சேருங்கள், பிறகு வெளிமூலை விளிம்புகள், அதன்பின் கூடல்வாய், கடைசியில் இறவாணம். சேர்க்கும் கருவியில் முதல் தளத்தை அல்ல, அதன் சேரவேண்டிய விளிம்பைச் சொடுக்க வேண்டும். தளத்தின் நடுவில் சொடுக்கினால் அருகிலிருக்கும் ஏதோ ஒரு விளிம்பை அது எடுத்துக்கொள்ளும், படம் வாழையிலை கிழிந்த மாதிரி ஆகும். இரண்டு தளங்களும் ஒரே சாய்வில் ஒரே மட்டத்தில் கிடந்தால் அவை வெட்டிக்கொள்ளும் கோடே கிடையாது, கருவி மறுக்கும். அங்கே சேர்க்க வேண்டியதில்லை, ஒன்றை நீக்கி மற்றதை நீட்டினால் போதும்.

கூரைத் தளத்தின் கீழ் விளிம்பையும் பேஸ்லைனையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கீழ் விளிம்பு மழைநீர் சொட்டும் இடம், பேஸ்லைன் சுவர்மேல் உட்காரும் இடம். இறவாணத்தை நீட்ட நினைத்துப் பேஸ்லைனை இழுத்தால் முகடு வரை எல்லாம் இடம் மாறும்.

கூரையைத் துளைத்துக்கொண்டு சுவரின் முக்கோணத் துண்டு வெளியே நீட்டினால் அது மென்பொருள் தானே கட்டிய பரண்சுவர். தளங்கள் சரியாகச் சேர்ந்ததும் சுவர்களை மறுபடி கட்டச் சொன்னால் பெரும்பாலும் மறைந்துவிடும். மறையாவிட்டால் அதற்கு மேலே இருக்கும் தளத்தில் இன்னும் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது.

ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண மென்பொருளில் வரைபவர்களுக்கு இந்தத் தானியங்கி உதவி இல்லை. ஒவ்வொரு சரிவையும் முகமாக வரைந்து, வெட்டிக்கொள்ளும் இடத்தில் கோடு உண்டாக்கி, மிச்சத்தை அழிக்க வேண்டும். அங்கேயும் அந்த 45 பாகைச் சோதனை செல்லும்.

நிஜ வீட்டின் சரிவு என்ன?

திரையில் எல்லாம் ஒட்டிவிட்டாலும் பழைய கூரையின் சரிவைத் தவறாகக் கொடுத்திருந்தால் பயனில்லை. ஏணி போடாமலே அளக்கலாம். பக்கத்து முக்கோணச் சுவரில் பூச்சு இல்லையென்றால் செங்கல் வரிசைகளை எண்ணுங்கள். சாந்தோடு ஒரு வரிசை ஏறத்தாழ 85 மில்லிமீட்டர். இறவாண மட்டத்திலிருந்து முகடு வரை 12 வரிசை என்றால் 1020 மில்லிமீட்டர். அரை அகலம் 3 மீட்டர் என்றால் சரிவு 19 பாகைக்குச் சற்றுக் குறைவு. பூச்சுச் சுவர் என்றால் தெருவில் எட்ட நின்று கைபேசியின் சாய்வுமானியை முக்கோணச் சுவரின் மேல்விளிம்புச் சரிவோடு ஒட்டிப் பாருங்கள்.

அந்தக் காலத்து வீடுகள் பலவற்றின்மேல் இன்னும் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருக்கிறது. அளவெடுக்க அதில் ஏறாதீர்கள், துளையிடாதீர்கள், அறுக்காதீர்கள். அதைக் கழற்றுவது 2020-இல் வந்த ஆஸ்பெஸ்டாஸ் அகற்றல் விதிகளின்படி பதிவுபெற்ற ஒப்பந்தக்காரர் செய்யும் வேலை. நம் வரைபடத்துக்குத் தேவையானது சரிவும் அகலமும் மட்டும், இரண்டும் தரையிலிருந்தே கிடைக்கும்.

இன்னொன்று, மென்பொருளில் ஊரை டர்பன் என்று குறித்துவிடுங்கள். குறிக்காவிட்டால் வெயில் தெற்கிலிருந்து வரும், வடகோளத்துக்காரர்களின் வீடாகிவிடும். நமக்குச் சூரியன் வடக்கே. குளிர்கால நடுப்பகலில் 37 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. சூரிய கீசர் வைக்கும் எண்ணம் இருந்தால் வடக்குச் சரிவு எதுவென்று இப்போதே தெரிய வேண்டும்.

நகரசபையில் கொடுக்கும் வரைபடத்தை கட்டடக் கலைத் தொழிலுக்கான மன்றத்தில் பதிவுபெற்றவர்தான் போட்டுக் கையெழுத்திட வேண்டும். டிரஸ்ஸின் கணக்கை அதைச் செய்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர்களிடம் கொண்டுபோக உங்களிடம் இருக்க வேண்டியது முகட்டைக் குறுக்காக வெட்டிய ஒரு படமும் மேலிருந்து பார்க்கும் கூரைப் படமும். ஒவ்வொரு சரிவின்மேலும் பாகை, மேற்பரப்புப் பொருள், தண்ணீர் ஓடும் திசைக்கு ஓர் அம்பு.

அந்த அம்புகளைப் போடும்போதுதான் எனக்கு உறைத்தது. மேஸ்திரி தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தக் கூடல்வாய்த் தண்ணீர் எங்கே விழுகிறது?" என்று கேட்டார். பொதுச்சுவர்ப் பக்கத்துக் கூடல்வாய் நேராக அடுத்த வீட்டு முற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. சமையலறையை அந்தச் சுவரிலிருந்து 900 மில்லிமீட்டர் நகர்த்தி, இடையில் மழைநீரை ஏந்தும் கட்டர் போட்டு நம் பக்கம் திருப்பினேன். கூரையைத் தொடவில்லை. சுவரை நகர்த்தியதும் அது தானே பின்னால் வந்தது.